கீழாநெல்லியிடம் கேட்க வேண்டிய கேள்வி

(முக்கூடலில் வாசகர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சித்த மருத்துவம் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். பொதிகை மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த மக்களிடம் சித்த மருத்துவத்தின் பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை. அகத்தியர் பெயர் சொல்லாத பாட்டி இந்த ஆற்றங்கரையில் கிடையாது. அதனால் பெருமையை விட்டுவிட்டு ஆராய்ச்சியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒரு மருந்து வேலை செய்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று மாலை முழுக்கக் கேட்கப் போகிறேன்.

மஞ்சள்காமாலையில் தொடங்குகிறேன். கண் மஞ்சளித்துவிட்டால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, கழுவி, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்போம். எண்ணெய் கூடாது, புளி கூடாது, உப்பைக் குறை என்று பத்தியம் சொல்வோம். சில வாரங்களில் கண் வெளுக்கும், பசி எடுக்கும், ஆள் எழுந்து நடமாடுவார். பிறகு கீழாநெல்லியின் பெயரை யார் கெடுக்க முடியும்?

ஆனால் காமாலை ஒரு நோயில்லை, பல நோய்களின் அடையாளம். கெட்ட தண்ணீரால் வரும் ஏ வகை, ஈ வகைக் கல்லீரல் அழற்சி பெரும்பாலோருக்குத் தானாகவே சில வாரங்களில் தீரும். மோர் மட்டும் குடித்தவருக்கும் தீரும். ரத்தத்தால் பரவும் பி வகை அப்படி இல்லை. சிலர் உடம்பில் அது ஆண்டுக்கணக்கில் தங்கி, கல்லீரலைச் சுருங்க வைக்கலாம், புற்றுநோயாகவும் மாறலாம். பித்தக் குழாய் அடைத்தாலும் கண் மஞ்சளிக்கும். அதற்கு எந்த மூலிகையும் உதவாது, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இவர்கள் எல்லாருக்கும் கீழாநெல்லி கொடுத்து, பிழைத்தவர்களை மட்டும் கணக்கில் வைத்தால், மருந்து எப்போதும் வென்றதாகவே தெரியும்.

இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட முனைந்தவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன், பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனவர். பி வகைக் கிருமியை அடையாளம் கண்டதற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் பாருக் புளூம்பெர்க். இவர்கள் சேர்ந்து, கிருமியை உடம்பில் சுமக்கும் ஆட்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து, இன்னொரு பகுதியினருக்கு மருந்தைப் போலவே இருக்கும் வெற்றுக் குளிகை. முடிவு 1988-இல் லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' இதழில் வந்தது. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்தக் கிருமியின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. வெற்றுக் குளிகை சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி ஆனது.

வேலியோரத்தில் முளைத்துக் கிடக்கும் செடி உலகத்தின் முன்னணி மருத்துவ இதழில் ஏறி அமர்ந்தது. அந்தப் பெருமிதம் நியாயமானது. அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கும் மெய் சிலிர்த்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இரண்டே ஆண்டில், 1990-இல், அதே இதழில் தாய்லாந்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அங்கே கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தவர்களுக்குக் கிருமி நீங்கவில்லை. 1994-இல் நியூசிலாந்திலும் அதே கதை. ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2011-இல் கீழாநெல்லி இனச் செடிகளைப் பற்றிய சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. வெற்று மருந்தோடு ஒப்பிட்டபோது நம்பத்தக்க பயன் தெரியவில்லை. வேறு கிருமிக்கொல்லி மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்த சோதனைகளில் சில நன்மைகள் தெரிந்தாலும், அவை நடத்தப்பட்ட விதம் பலவீனமாக இருந்தது என்றார்கள்.

இதைச் சொன்னால் சிலர் கோபப்படுவார்கள், "வெள்ளைக்காரன் சதி" என்பார்கள். வேறு சிலர் "அப்பவே சொன்னேன், இதெல்லாம் பச்சிலை ஏமாற்று" என்பார்கள். இரண்டு பேரும் யோசிக்க மறுக்கிறவர்கள். யோசிக்கிறவர் வேறு கேள்வி கேட்பார்: சென்னையில் கொடுத்த செடியும் தாய்லாந்தில் கொடுத்த செடியும் ஒன்றுதானா?

இந்தக் கேள்விக்கு ஆதாரம் இருக்கிறது. நம் பழைய நூல்களில் கீழாநெல்லிக்கு நேராகப் பல காலம் எழுதப்பட்டு வந்த தாவரவியல் பெயர் ஃபிலாந்தஸ் நிரூரி. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் வயல்வரப்பில் இருப்பது பெரும்பாலும் ஃபிலாந்தஸ் அமாரஸ். இலைக்காம்பின் அடியில் காய் தொங்கும் இதே குடும்பத்தில் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் செடிகள் பல உண்டு. தென்னிந்தியாவில் 25 நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்றதை வாங்கி, மரபணுவைக் கொண்டு சோதித்து 2010-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 76 விழுக்காட்டுக் கடைகளில் இருந்தது சரியான செடிதான். மீதிக் கடைகளில் அதே இனத்தின் வேறு ஐந்து செடிகள் கலந்திருந்தன. கடைக்காரர் ஏமாற்றவில்லை. பறித்து வந்தவருக்கு வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்படியிருக்க, எந்த மண்ணில், எந்த மாதத்தில் பறித்த எந்தச் செடி என்று குறிக்காமல் நோயாளிக்குக் கொடுத்துச் செய்யும் சோதனைக்கு என்ன பொருள்? ஆய்வகத்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவே தாவரவியல் தெரிந்த ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளை நாம் மறந்தே போகிறோம்.

பி வகைக்கு இன்று தடுப்பூசி இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். போட்டுக்கொள்ளுங்கள். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லி அரைக்கும் முன்னால் ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நான் மூலிகைக்கு எதிரானவன் என்று நினைக்காதீர்கள். எந்தக் காமாலை என்று தெரியாமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இந்த விவாதம் நம் நாட்டில் நூறு வருஷம் பழையது. 1918-இல் சென்னை அரசாங்கம் டாக்டர் கோமன் என்பவரிடம் நாட்டு மருந்துகளைச் சோதித்துச் சொல்லும்படி கேட்டது. அவர் சென்னைப் பொது மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து அறிக்கை தந்தார். அறிக்கை நாட்டு வைத்தியத்துக்குச் சாதகமாக இல்லை. வைத்தியர்கள் கொதித்தெழுந்தார்கள். எங்கள் முறைப்படி நாடி பார்த்தாயா, பத்தியம் வைத்தாயா, மருந்தோடு சேர்த்துத் தரும் அனுபானம் கொடுத்தாயா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அது வைத்தியர்களையே எழுத்தில் பதில் தரச் சொன்னது. 1923-இல் வந்த அறிக்கை நாட்டு மருத்துவத்துக்கு ஆதரவாக இருந்தது. அதன் பயனாகச் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. ஒரு பக்கம் வைத்தியத்தின் முறையை மதிக்காத சோதனை. மறுபக்கம் முறையை மதித்து, ஆனால் சோதனையை விட்டுவிட்ட வாதம். இரண்டும் சேரவே இல்லை. என் கருத்தில் நம் துறையின் பெரிய இழப்பு அதுதான்.

பிறகு நிறுவனங்கள் வந்தன. 1964-இல் நம் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி. 2005-இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2010-இல் சித்த மருத்துவத்துக்கென்று தனி மத்திய ஆராய்ச்சிக் குழுமம். கட்டடம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், பட்ட மேற்படிப்பு மாணவர்கள் ஆண்டுதோறும் ஆய்வேடு எழுதுகிறார்கள்.

அந்த ஆய்வேடுகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். உழைப்பு இருக்கிறது. மருந்தை நூல் சொன்னபடி முடித்திருப்பார்கள், எலிக்குக் கொடுத்து நஞ்சில்லை என்று பார்த்திருப்பார்கள், நாற்பது நோயாளிகளுக்குக் கொடுத்து முன்னும் பின்னும் அளந்திருப்பார்கள். பெரும்பாலோருக்கு நல்ல குணம் என்று முடியும். குறை என்னவென்றால் ஒப்பிடுவதற்கு எதிர்க்குழு இருக்காது. மூட்டு வலிக்காரர் எப்போது ஆஸ்பத்திரிக்கு வருவார்? வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்தில் இருப்பது எப்படியும் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அந்த நாற்பது பேரைச் சீட்டுக் குலுக்கி இருபது இருபதாகப் பிரித்திருந்தாலே ஆய்வேட்டின் மதிப்பு கூடியிருக்கும். இதற்குப் பணம் தேவையில்லை, மனம்தான் தேவை.

நிலவேம்புக் குடிநீருக்கு வருகிறேன். 2012-இல் டெங்கு நம் மாவட்டத்தை உலுக்கியது, கடையநல்லூர்ப் பக்கம் வீடுதோறும் காய்ச்சல். அந்த ஆண்டு நிலவேம்பு தமிழ்நாடு முழுக்கத் தெருமுனைக்கு வந்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. டெல்லியில் உள்ள பன்னாட்டு மரபணுப் பொறியியல் ஆய்வு மையத்தில் இதை டெங்கு, சிக்குன்குனியா கிருமிகளுக்கு எதிராக ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் சோதித்தார்கள். கிருமியை அடக்கும் ஆற்றல் இருக்கிறது என்று கண்டார்கள். நல்ல செய்தி. ஆனால் அவர்கள் சோதித்தது சாராயத்தில் எடுத்த சாறு. நாம் குடிப்பது தண்ணீரில் சுண்டக் காய்ச்சிய கசாயம். அது வயிற்றைக் கடந்து, ரத்தத்தில் கலந்து, கிருமி இருக்கும் செல்லுக்குப் போதிய அளவில் போய்ச் சேர வேண்டும். மருந்து செல்லில் எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே பாதுகாப்பு என்று அந்த ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடித் தட்டில் கிருமி சாவது முதல் படி. ஊருக்கே அண்டா வைத்து ஊற்றுவது விநியோகம், ஆராய்ச்சி ஆகாது.

கொரோனா காலத்தில் ஆய்வாளர்கள் ஒரு படி மேலே ஏறினார்கள். கபசுரக் குடிநீர் என்ற சித்த மருந்தைச் சோதிக்க, அறிகுறி இல்லாத தொற்றாளர் 60 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பாதிக்குக் குடிநீரும் மறுபாதிக்கு வைட்டமின் சி, துத்தநாக மாத்திரையும் ஏழு நாள் கொடுத்து ஒப்பிட்டார்கள். சென்னையில் நடந்தது, 2021-இல் வெளிவந்தது. குடிநீர் குடித்தவர்களுக்குக் கிருமியின் அளவு கூடுதலாகக் குறைந்தது. சிறிய சோதனைதான். யார் எதைக் குடிக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும், கசப்பை மறைக்க முடியாதே. பெரிய அளவில் பல இடங்களில் செய்து பார்க்க வேண்டும் என்று அவர்களே எழுதினார்கள். அடக்கமாகச் செய்த, அடக்கமாகச் சொன்ன அந்தச் சோதனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பற்பம், செந்தூரம் பற்றியும் பேசாமல் போக முடியாது. பாதரசம், கந்தகம், தாளகம் சேரும் மருந்துகள் நம் முறையின் உச்சம் என்று சொல்கிறோம். 2004-இல் அமெரிக்காவில் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது என்று ஆய்வு வந்தது. இதே கேள்வி நம் மருந்துகளுக்கும் வரும்போது நாம் என்ன பதில் சொல்கிறோம்? சுத்தி செய்தால் நஞ்சு போய்விடும் என்கிறோம். போகலாம். அதை ஆய்வகத்தில் அளந்து காட்ட வேண்டும். தீயில் புடம் போடுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு, எந்த வடிவத்தில், சாப்பிட்டவரின் சிறுநீரகம் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று எண்ணில் காட்ட வேண்டும். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அதுவரை கொடுக்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

நோய் அறிவதிலும் வேலை கிடக்கிறது. நெய்க்குறி தெரியுமா? காலைச் சிறுநீரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து, அசையாமல் வைத்து, நல்லெண்ணெய் ஒரு துளி விடுவார்கள். துளி பாம்பாய் நீண்டால் வாதம், மோதிரமாய்ப் படர்ந்தால் பித்தம், முத்தாய் நின்றால் கபம். எவ்வளவு அழகான கவனிப்பு! இதை ஆராயக் கோடி ரூபாய் வேண்டாம். செல்போன் போதும். நூறு துளிகளைப் படம் எடுங்கள். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவர், தாம்பரத்தில் ஒரு மருத்துவர், நாகர்கோவிலில் ஒரு மருத்துவர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல் தனித்தனியே சொல்லட்டும். மூவரும் ஒன்றையே சொன்னால் நெய்க்குறிக்கு அடித்தளம் உறுதி. மாறி மாறிச் சொன்னால், முதலில் நமக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும். சிறுநீர் எவ்வளவு நேரம் வைத்தது, வெயில் எவ்வளவு, எண்ணெய் எது என்பதெல்லாம் துளியின் வடிவத்தை மாற்றக்கூடும். இளைய மாணவர் யாராவது இதை எடுத்துக்கொள்ள மாட்டாரா என்று ஏங்குகிறேன்.

கொரியாவைப் பாருங்கள். அவர்களுக்கும் நம்மைப் போலவே பழைய மருத்துவம் உண்டு. ஹோ ஜுன் என்ற அரண்மனை மருத்துவர் 1610-இல் முடித்து 1613-இல் அச்சான 'தோங்ஊய் போகம்' அவர்களின் மருத்துவ நிகண்டு. 2009-இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் அந்தப் பெருமையோடு நிற்கவில்லை. 1987-இல் மரபு மருத்துவத்தைத் தேசிய உடல்நலக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 1994-இல் அதற்கென்று அரசு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கி, பின்னர் தேஜோன் நகரில் நிலைநிறுத்தினார்கள். காப்பீடு பணம் கொடுக்கிறது என்றால், எதற்குக் கொடுக்கிறோம், பயன் உண்டா என்று கணக்கு கேட்டே தீரும். அங்கே ஆராய்ச்சியைத் தள்ளிக்கொண்டு போவது அந்தக் கேள்வி.

ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன், அது இந்த ஊருக்கு மிக நெருங்கியது. நாள்பட்ட கழுத்து வலிக்கு 'சுனா' என்று கையால் பிடித்து, இழுத்து, நேராக்கும் முறை அவர்களிடம் உண்டு. ஐந்து மருத்துவமனைகளில் 108 நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சுனா, மறுபாதிக்கு வழக்கமான மாத்திரையும் இயன்முறை மருத்துவமும். ஐந்து வாரம் சிகிச்சை, ஓராண்டு கண்காணிப்பு. சுனா பெற்றவர்களுக்கு வலியும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. 2021-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் திறந்த அணுக்க இதழில் இது வந்தது.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். முக்கூடல் பீடியால் பெயர் பெற்ற ஊர். இங்கே இருக்கும் தாய்மார்களில் எத்தனை பேர் மடியில் தட்டை வைத்துக் குனிந்த தலை நிமிராமல் இலை வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டியவர்கள்! ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கழுத்து வலித்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது. தோள்பட்டை, இடுப்பு, கண் எல்லாம் போகிறது. நம்மிடம் கையால் செய்யும் தொக்கணம் இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்றெல்லாம் ஒன்பது வகையாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். வர்மம் இருக்கிறது. இந்த ஊரிலேயே பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசின் மருத்துவமனை இருக்கிறது. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் பாளையங்கோட்டைக் கல்லூரி இருக்கிறது. கொரியாக்காரர் ஐந்து மருத்துவமனைகளில் தேடிச் சேர்த்த நோயாளிகள் இங்கே ஒரே தெருவில் கிடைப்பார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். சோதனைக்கு வரும் அம்மா அன்றைய பீடியை இழக்கிறார். பத்து முறை வந்தால் பத்து நாள் கூலி போகும். அதை ஈடு செய்யாமல் "நோயாளிகள் ஒத்துழைக்கவில்லை" என்று ஆய்வேட்டில் எழுதக் கூடாது. சம்மதப் படிவத்தை ஆங்கிலத்தில் நீட்டிக் கைநாட்டு வாங்கக் கூடாது. நம் பேச்சில், நமக்குப் புரிய, வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு கேட்க வேண்டும். பொதிகையின் அந்தப் பக்கம் காணி மக்கள் காட்டிக் கொடுத்த ஆரோக்கியப் பச்சையிலிருந்து திருவனந்தபுரம் ஆய்வகம் ஒரு மருந்து உருவாக்கியது. 1995-இல் அதன் உரிமத்தை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தபோது, கிடைத்த உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவு செய்தார்கள். நடைமுறையில் சிக்கல்கள் வந்தாலும், அறிவைக் கொடுத்தவருக்குப் பங்கு உண்டு என்ற முறை அங்கே தொடங்கியது. உடம்பைக் கொடுத்துச் சோதனைக்கு உதவுகிறவருக்கும் அந்த மரியாதை வேண்டும்.

பாளையங்கோட்டை மாணவர்களே, உங்களிடம் கேட்டு முடிக்கிறேன். அடுத்த ஆய்வேட்டுக்கு முக்கூடலுக்கு வாருங்கள். பீடி சுற்றும் தாய்மார்களின் கழுத்து வலிக்குத் தொக்கணம் பயன் தருகிறதா என்று சீட்டுப் போட்டுப் பிரித்துச் சோதியுங்கள். வலியை அளக்கிறவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். ஓராண்டு கழித்து, பயன் உண்டு என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும், இதே ஊருக்குத் திரும்பி வந்து அந்தத் தாய்மார்களிடம் முதலில் சொல்லுங்கள். இதழுக்கு அதன் பிறகு அனுப்பலாம்.